ரூபியின் கை

பங்குனி மாதத்து உச்சி வெயிலில், செத்துப்போன அக்காள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எஸ்தர்ராணி கேட்டாள்.

அவள் அப்போது அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் அரவம் இல்லை. கோவில்பட்டியில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே, புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் அந்த வீடு. அதற்குப் பின்னால் வேறு வீடு கிடையாது. உளுந்து பிடுங்கி முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்கும் அப்பால் கானலில் காற்றாலைகளின் கால்கள் கரைந்துபோய், இறக்கைகள் மட்டும் அந்தரத்தில் சுற்றின. வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. "இங்க எஸ்தர்ராணி யாரும்மா? பார்சல்" என்று ஒரு ஆண்குரல். கூரியர்க்காரன். அதற்கு அடுத்தாற்போல்தான் அந்தக் குரல் கேட்டது.

"எத்தரு... ஏ எத்தரு..."

முதல் எழுத்தைத் துப்புகிற மாதிரி வெளியே தள்ளி, மிச்சத்தை நாக்குக்குள் குழப்பி இழுத்து விடுகிற குரல். புளித்தண்ணீருக்குள் எஸ்தரின் கை அப்படியே நின்றது. உலகத்தில் ஒரே ஒருத்திதான் அவளை அப்படிக் கூப்பிட்டவள். அவள் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில், வேலிக்காத்தான் நிழலில், இருபது வருஷமாகப் படுத்திருக்கிறாள்.

எஸ்தர் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். பார்சலை வாங்கிக்கொண்டு நின்றது அவள் மகள் ஜெபிஷா. பத்து வயது. கூரியர்க்காரன் கிளம்பிப் போயிருந்தான்.

"யாருட்டி கூப்பிட்டது?"

"நாந்தாம்மா. அவிய ஒன் பேரக் கேட்டாவ. நானும் ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறி, சட்டென்று அணைந்தது. நாக்கு பல்லுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பார்சலைப் பிடித்திருந்த வலது கை மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் பின்னால் வளைந்து, தட்டு ஏந்துகிற மாதிரி விரிந்தது. பார்சல் கீழே விழுந்து வாய் பிளந்தது. ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதற்காக எஸ்தர் மதுரையிலிருந்து வரவழைத்த தங்கநிறப் பாசிகள் வாசல் சிமெண்ட் முழுக்க ஓடின.

எஸ்தர் பாசியைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

ஜெபிஷாவின் கை சொன்னபடி கேளாமல் போய்க் கொஞ்ச நாளாகியிருந்தது. முதலில் தம்ளர் நழுவியது. பிறகு சோற்றுத் தட்டு. "புத்தி எங்கட்டி இருக்கு ஒனக்கு?" என்று எஸ்தர் ஏசினாள். பள்ளிக்கூடத்து டீச்சர் போன் பண்ணி, அழகாக எழுதுகிற பிள்ளை இப்போது கோழி கிளறின மாதிரி எழுதுகிறாள், வகுப்பில் முகத்தைக் கோணிக் காட்டுகிறாள், கொஞ்சம் கண்டியுங்கள் என்றார். ஒன்றுமில்லாததுக்கு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரித்தாள்.

எஸ்தரின் புருஷன் டெல்வினுக்கு மணியாச்சியில் தண்டவாளம் பராமரிக்கிற வேலை. நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வீடு வந்தவனைப் பார்த்துப் பிள்ளை நாக்கைத் துருத்தினாள். "யாருகிட்ட பழிப்புக் காட்டுத?" என்று ஒன்று வைத்துவிட்டான். கன்னத்தில் விரல் பதிந்தது. ஜெபிஷா அழுதாள். அழுகிற வாயிலிருந்து நாக்கு மறுபடி வந்தது, போனது, வந்தது. "நான் பண்ணலப்பா, அதுவா வருதுப்பா" என்றாள். டெல்வின் தன் கையைப் பார்த்துக்கொண்டே முற்றத்துக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

எதிர்வீட்டுச் சுடலைச்செல்வி ஒரே பார்வையில் முடிவு சொன்னாள். "உச்சிப்பொழுதுல ஓடைக்காட்டுப் பக்கம் போயிருக்கும் பிள்ள. அங்கன ஒரு காத்து சுத்திக்கிட்டுக் கெடக்கு. எங்க ஆட்டுக்குட்டிகூட அந்தப் பக்கம் மேயாது, பாத்துக்கோ."

"நாங்க அதெல்லாம் நம்புறதில்லக்கா" என்று எஸ்தர் சொன்னாள். நம்பாதவள் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அவள் பார்த்திருந்தாள். சுடலைச்செல்வி பார்க்காததையெல்லாம் பார்த்திருந்தாள்.

அக்காள் ரூபிக்கு அப்போது பதினோரு வயது. எஸ்தருக்கு ஏழு. ஒருநாள் ரூபி தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்தாள். அப்புறம் கை நிற்கவில்லை. விரல்கள் மூடும், திறக்கும், மூடும், திறக்கும், கண்ணுக்குத் தெரியாத மாட்டின் மடியைப் பிடித்துக் கறக்கிற மாதிரி. ஊர்க் கிணற்றில் முன்னொரு காலத்தில் ஒரு பால்காரி விழுந்து செத்திருந்தாள். பிறகு சொல்ல வேண்டுமா? 'பால்காரி இறங்கிட்டா, பிள்ள கையி வழியா கறக்கா' என்று ஊர் பேசியது. மாட்டுத் தொழுவத்துப் பக்கம் ரூபியை யாரும் விடவில்லை. அவள் பேச்சு குழறியது. தங்கச்சியின் பெயரைச் சொல்ல முயன்று 'எத்தரு' என்பாள்.

அப்பா தேவஆசீர்வாதம் அவளை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்தார். அங்கே ஒரு தூணில், தன் தோள் துண்டாலேயே, அவள் கைகளைக் கட்டினார். கொஞ்ச மாதத்தில் கை நின்றது. ஊரே சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் பண்ணியது. ஆனால் அந்த ஜெபவீட்டை நடத்திய அம்மா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "விட்டுப் போனது வழியை மறக்காது அய்யா, பாத்துக்கிடுங்க" என்றாளாம். சொன்னபடியே ஆயிற்று. பதினேழு வயதில் ரூபிக்கு மூச்சு இரைத்தது. தெருக்கோடிக்கு நடந்தால் உதடு நீலம் பாரித்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். பால்காரி இந்தத் தடவை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றார்கள். கடைசியில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இதய வால்வு கெட்டுப்போய்விட்டது, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். பத்தொன்பதில் போய்விட்டாள்.

ரூபியை ஜெபிஷா கண்ணால் பார்த்ததில்லை. அவள் கை எப்படி ஆடும், அவள் நாக்கு எப்படி எட்டிப் பார்க்கும் என்று எஸ்தர் யாரிடமும் சொன்னதில்லை, டெல்வினிடம்கூட. பிறகு எப்படி இந்தப் பிள்ளைக்கு அது தெரிந்தது? மணிக்கட்டு மடங்குகிற அதே கோணம். தோள் ஒன்று மட்டும் குலுங்குகிற அதே விதம். நடுவீட்டில் வெயில் சதுரமாக விழுந்திருக்கும். அதற்குள் ஜெபிஷா உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். எஸ்தருக்குத் தன் வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு, தேவஆசீர்வாதம் ஊரிலிருந்து வந்தார். தோளில் உளுந்துப் பை. மத்தியானம் ஏறியிருந்தது. ஜெபிஷா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். அவர் வாசல் கேட்டைத் திறந்தவர், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"ரூபி" என்றார், ரொம்ப மெதுவாக. "எப்பம்மா வந்த?"

பிள்ளை திரும்பினாள். "தாத்தா, நான் தெபி" என்றாள். ஜெபி என்று சொல்ல நாக்கு வளையவில்லை.

உளுந்துப் பை அவர் தோளிலிருந்து சரிந்தது. அவர் கேட்டுக்குப் பக்கத்தில், வெயிலிலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டார். எஸ்தரும் டெல்வினும் போய்த்தான் தூக்கி வர வேண்டியிருந்தது.

தண்ணீர் குடித்தபிறகு அவர் மகளைப் பார்த்துப் பேசினார். "வழி மறக்காதுன்னு அன்னைக்கே சொன்னாவ. வந்து அவளக் கொண்டுட்டுப் போச்சு. இப்ப வழி கண்டுபிடிச்சி இங்கன வந்திருக்கு."

"மாமா, நாளைக்கு லீவு சொல்லிட்டு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் டெல்வின்.

"கொண்டு போங்க, வேண்டாங்கல. மொதல்ல ஜெபவீடு. அங்கன வச்சித்தான் அன்னைக்கு நின்னுச்சி."

டெல்வின் எஸ்தரைப் பார்த்தான். எஸ்தர் தரையைப் பார்த்தாள். "அப்பா சொல்லுதபடியே செய்வோங்க" என்றாள். அவள் அறிவுக்கு எட்டிய ஒரே நிச்சயம் அதுதான்: ஒரு தடவை அங்கே நின்றது. நெஞ்சுக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச வருஷம் கிடைத்தது. அந்தக் கொஞ்ச வருஷமாவது கிடைக்கட்டும்.

மறுநாள் காலையில் டெல்வின் வேலைக்குப் போனபிறகு மூன்று பேரும் கிளம்பினார்கள். அப்பாவின் தோளில் துண்டு கிடந்தது. எஸ்தர் அதைப் பார்க்காமலிருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. ஜெபிஷா படியில் கால் வைத்தாள். அந்தக் கால், யாரோ பிடித்து இழுத்த மாதிரி, பக்கவாட்டில் விலகியது. முகவாய்க்கட்டை இரும்புப் படியில் மோதிக் கிழிந்தது. ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. "யம்மா, பிள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஆட்கள் சத்தம் போட்டார்கள். ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஜெபவீட்டுக்குப் போகிற பஸ் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு டாக்டர் ஜெயப்பிரியா இருந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்ட முகம். மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போடும்போது பிள்ளையின் கை பிடிக்குள் நிற்காமல் துள்ளியது. நர்ஸ் அதட்டினார். டாக்டர் மட்டும் அதட்டவில்லை. தையலை முடித்துவிட்டு, ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். எஸ்தருக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"பாப்பா, என்னோட ரெண்டு விரலையும் கெட்டியா பிடிச்சுக்கோ. விடக்கூடாது."

ஜெபிஷா பிடித்தாள். விரல்கள் இறுகின, தளர்ந்தன, இறுகின, தளர்ந்தன.

"நாக்கை நீட்டு. அப்படியே வச்சிரு."

நாக்கு நீண்டது. உடனே உள்ளே ஓடியது. மறுபடி வந்தது. ஓடியது.

டாக்டர் தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி முணுமுணுத்தார். "பால் கறக்குற மாதிரியே பிடிக்கிறா."

எஸ்தர் பிள்ளையின் கையை டாக்டரிடமிருந்து இழுத்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊரார் பால்காரியைப் பற்றிப் பேசியது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இவர் கண்ணுக்கும் அவள் தெரிகிறாளா?

"யாரு டாக்டர்?" என்றாள். "யாரு கறக்குறது?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "யாரும் இல்லம்மா. இந்தப் பிடிக்கு டாக்டர் புத்தகத்துலயே அப்படித்தான் பேரு, பால்காரி பிடின்னு. உலகம் பூரா இந்த வியாதி வந்த பிள்ளைங்க இப்படித்தான் பிடிப்பாங்க. நாக்கும் இப்படித்தான் நிக்காது. தூங்கும்போது எல்லாம் நின்னுரும், பாத்திருக்கீங்களா?"

"நின்னுரும்" என்றார் தேவஆசீர்வாதம். அவர் ஜெபிஷா தூங்கிப் பார்த்ததில்லை. தூணில் கட்டியபடியே தூங்கிப்போன இன்னொரு பிள்ளையை நினைத்துச் சொன்னார். "தூங்கிட்டா கையி பூ மாதிரி கெடக்கும்."

"ரெண்டு மூணு மாசத்துக்குள்ள இவளுக்குத் தொண்டை வலி வந்துச்சா?"

கையைக் காட்டினால் தொண்டையைக் கேட்கிறாரே என்று எஸ்தருக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். காலையில் துள்ளிக்கொண்டு போன பிள்ளை சாயங்காலம் காய்ச்சலோடு வந்தாள்.

"வந்துச்சி. எச்சி முழுங்க முடியலன்னு அழுதா."

"இருமல், சளி, மூக்கு ஒழுகுறது?"

"ஒண்ணும் இல்ல. அதான் சாதாரணமா இருக்கும்னு நெனச்சேன்."

"கழுத்துல கட்டி?"

எஸ்தர் தன் தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "இங்கன ரெண்டு பக்கமும், புளியங்கொட்ட மாதிரி. தொட்டா வலிக்குன்னா. வாயத் தொறந்து பாத்தேன். உள்ள செக்கச்செவேல்னு இருந்துச்சி. தொண்டச் சத மேல வெள்ள வெள்ளையா அப்பியிருந்துச்சி. சோத்துப் பருக்க ஒட்டியிருக்குன்னு நெனச்சி உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொன்னேன்." சொல்லச் சொல்ல மேலும் வந்தது. "நாக்குகூடச் செவந்து பொரிப்பொரியா இருந்துச்சி. குளிப்பாட்டும்போது முதுகு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சி. வேர்க்குருன்னு பவுடர் போட்டேன். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன். மூணாம் நாள் நல்லாயிட்டா. மிச்ச மாத்திரையக் குடுக்கல."

டாக்டர் எதற்கும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. தொண்டை வலி பெரும்பாலும் சளிப்பிடித்து வருவது, தானாகப் போய்விடும் என்றார். ஆனால் இருமல் சளி இல்லாமல், திடீரென்று காய்ச்சலோடு, கழுத்தில் கட்டியும் தொண்டையில் வெள்ளையுமாக ஒரு பிள்ளைக்கு வந்தால் அது 'ஸ்ட்ரெப்' என்கிற கிருமியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டி, அதுதான் என்றால் அவர் தருகிற மருந்தை முழுசாகக் கொடுத்து முடிக்க வேண்டும் என்றார்.

"முடிக்கலன்னா?"

"பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு மட்டும், கிருமி போன பிறகும் உடம்பு சண்டையை நிறுத்தாது. கிருமி எது, தான் எதுன்னு அதுக்கு அடையாளம் தெரியாமப் போயிரும். தன்னோட மூளையையே போய் அடிக்கும். அப்ப கை கால் இப்படி ஆடும். இது தானா நின்னுரும்மா. ஆனா அதே சண்டை இதயத்துலயும் நடந்திருக்கலாம். அது சத்தமில்லாம இருந்து, பல வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

போனது வழி மறக்காமல் திரும்பி வரும். அதே பேச்சு. ஜெபவீட்டு அம்மா சொன்னதையே இவர் வேறு வார்த்தையில் சொல்கிறார். ஆனால் இவர் அதோடு நிற்கவில்லை. ரத்தம் பார்க்க வேண்டும், திருநெல்வேலிக்குப் போய் இதயத்தை ஸ்கேன் பண்ண வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி இருபத்தொரு வயது வரைக்கும் போட வேண்டும், மறுபடி அந்தக் கிருமி தொண்டைக்கு வராமல் தடுத்துவிட்டால் நெஞ்சுக்குப் போகிற வழியை அடைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

எஸ்தர் பாதியில் கேட்பதை விட்டிருந்தாள். அவளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்திருந்தது. வீடு நிறைய முந்திரிக்கொத்து சுட்டிருந்தார்கள். ரூபி ஒரு வாய் கடித்துவிட்டு, முழுங்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பங்கையெல்லாம் தங்கச்சி மடியில் போட்டாள். ஏழு வயது எஸ்தர் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றாள். அக்காளுக்கு இன்னும் ரெண்டு நாள் வலிக்கட்டும் என்றுகூட நினைத்தாள். ஈஸ்டர் வருவதற்குள் ரூபி குடத்தை உடைத்துவிட்டாள்.

"அப்பா" என்றாள். "அந்தக் கிறிஸ்மஸுக்கு அக்காவுக்குத் தொண்ட வலி."

தேவஆசீர்வாதம் சுவரிலிருந்து கையை எடுத்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டு. "எனக்கு மூத்தது ஒரு பிள்ள இருந்துச்சி. இதே கையி. பொறவு நெஞ்சில வந்து போயிட்டா. அவளுக்கும் இதுதானா?"

"பாக்காம நான் சொல்ல முடியாதுங்க அய்யா. இருந்திருக்கலாம்."

"தொண்டையா?" என்றார். டாக்டர் தலையசைத்தார். "பேயி இல்ல, பால்காரி இல்ல. வெறும் தொண்டையா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கப் போகிறார் என்று எஸ்தர் நினைத்தாள். அவர் அதைச் சுருட்டி, எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே போய், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெறுந்தோளோடு நின்றார். முப்பது வருஷமாக ஒரு பால்காரியைச் சபித்துக்கொண்டிருந்த மனுஷர். இனி யாரைச் சபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது பக்க வால்வில் கசிவு இருந்தது. சின்னதுதான், ஆனால் இருந்தது. ஊசி ஆரம்பித்தது. இடுப்பில் போடும் ஊசி. ரெண்டு நாளைக்கு ஜெபிஷா நொண்டுவாள். கைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். டெல்வின் விடுமுறை நாளையெல்லாம் ஊசி நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டான். தான் அறைந்த கன்னத்தை அவள் தூங்கும்போது தடவிப் பார்ப்பான்.

ஆடிக் காற்று கரிசலைப் புரட்டியெடுத்த நாட்களில் கை நின்றது. ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் நாக்கு அடங்கியது, பிறகு தோள், பிறகு விரல். ஒரு மத்தியானம் ஜெபிஷா ஆரிச் சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாசிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோர்த்துக் கொடுத்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எஸ்தருக்குத்தான் உண்மையான பயம் அன்றைக்கு ஆரம்பித்தது. ரூபிக்கும் கை நின்றதே. கை ஆடிக்கொண்டிருந்தவரை அது எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. இப்போது அது எங்கே போயிருக்கும்? பிள்ளை மத்தியானத்தில் தூங்கும்போது எஸ்தர் அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். வெளியே காற்று ஜன்னல் கம்பியில் ஊளையிடும். அதையும் இதையும் பிரித்தறிய முடியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள்.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் வந்தது. தெருவில் எந்தப் பிள்ளையாவது கம்மிய குரலில் பேசினால் விடமாட்டாள். "ஏட்டி, இங்க வா. வாயத் தொற" என்று போன் வெளிச்சத்தை அடித்துப் பார்ப்பாள். தாடைக்கு அடியில் தடவுவாள். "இருமுதியா? மூக்கு ஒழுகுதா?" என்பாள். பிள்ளைகள் அவளைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானத்தில் தலைவிரி கோலமாக வாசலில் நின்று பிள்ளைகளின் வாய்க்குள் பார்க்கிறவளைப் பற்றித் தெருவில் வேறு மாதிரியும் பேச ஆரம்பித்தார்கள். அது அவள் காதுக்கு வந்தது. அவள் கவலைப்படவில்லை.

சுடலைச்செல்வியின் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கூப்பிடாமலே போய் நின்று, டாக்டரிடம் கூட்டிப் போனால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுடலைச்செல்வி மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப் போனாள். சாதாரணச் சளித் தொண்டைதான், இருமலும் இருக்கிறது, வெந்நீர் குடி என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு நா பொழப்பு போச்சு ஒன்னால" என்றாள் சுடலைச்செல்வி.

"போட்டும்க்கா" என்றாள் எஸ்தர். "போனா போட்டும்."

மறு ஸ்கேன் கார்த்திகையில் வந்தது. மழை பெய்து, திருநெல்வேலிக்குப் போகிற ரயில் ஜன்னலுக்கு வெளியே கரிசல் கன்னங்கரேலென்று ஊறிக்கிடந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்துப் பச்சையாகக் கோடு போட்டிருந்தன. தேவஆசீர்வாதமும் கூட வந்தார். துண்டைத் தூக்கிப்போட்ட நாளிலிருந்து, ஊசி நாளில்கூட அவர் வெளியிலேயே நிற்பார். ஆஸ்பத்திரி அறைக்குள் வரமாட்டார். அன்றைக்கு ஸ்கேன் அறை வாசல் வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறை இருட்டு. ஜெபிஷா இடது பக்கமாகச் சரிந்து படுத்திருந்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் அவளுடைய இதயம் சுருங்கி விரிந்தது. இரண்டு மெல்லிய இதழ்கள், காற்றில் அடிபடும் துணி மாதிரி, திறந்து மூடின. ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கச் சத்தம் நிரம்பியது. டுப் என்று ஒரு தட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிற மாதிரி, ஒரு மெல்லிய சீறல்.

"அந்தச் சீறல்தான் கசிவும்மா. போன தடவைக்கு இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஊசியை மட்டும் விட்டுராதீங்க. தொண்டை வலின்னா அன்னைக்கே வரணும்."

ஏழு வயதிலிருந்து எஸ்தர் பயந்த ஒன்று, முகமில்லாமல் இருந்த ஒன்று, இப்போது பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரூபிக்குள் இருந்ததும் இதுதான். வளர்ந்து வளர்ந்து அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்ததும் இதுதான். ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் காதைத் திருப்பி, இன்னும் கவனமாகக் கேட்டாள். இனிமேல் எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

"அய்யா, இவ தாத்தா வாசல்ல நிக்காவ" என்று டாக்டரிடம் சொன்னாள். "அவியளும் கொஞ்சம் கேக்கட்டுமா?"

தேவஆசீர்வாதம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டு, சீறல், தட்டு, சீறல். அவர் உதடு ஜெபம் பண்ணுகிற மாதிரி அசைந்தது. சத்தம் வெளியே வரவில்லை.

"எம்புட்டு சின்ன சத்தம்" என்றார் கடைசியில். "எம்புட்டு சின்ன சத்தம்ட்டி எஸ்தரு."

ஜெபிஷா நெஞ்சில் பூசியிருந்த பசையைக் குனிந்து பார்த்தாள். "தாத்தா, இது ஐஸ் மாதிரி குளுருது" என்றாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. "போதும்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. எனக்குப் பசிக்கி."